மாதச் சிந்தனை: எந்த வேலை நிலைக்கும்?

தாம் பாறை உடைத்தது போதும், பிள்ளையாவது நாற்காலியில் அமர்ந்து எழுதட்டும் என்பது நம் ராபர்ட்சன்பேட்டைப் பெற்றோரின் நெடுநாள் ஆசை. எந்திரம் வந்தால் உடலுழைப்பே பறிபோகும், எழுத்து வேலைக்கு ஊறு நேராது என்றும் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை சரிதானா என்று இத்திங்கள் ஆராய்வோம்.

1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. நீராவி எந்திரங்களுக்கு நெருப்பூட்டும் வேலை அதனால் சுருங்கிற்று. ஆனால் பாதாளத்தில் கடப்பாறையால் பாறையைத் தட்டி, ஓசையைக் கொண்டே அது நிற்குமா விழுமா என்றறிந்த தொழிலாளியின் வேலையை மின்சாரத்தால் செய்ய இயலவில்லை. நெருப்பூட்டுவது நாள்தோறும் ஒரே செயல். பாறையோ இடத்துக்கு இடம் வேறு. சூட்சுமம் இங்குதான் உள்ளது.

நாமும் ரயில்வே குமாஸ்தாவே. பேரேட்டில் பெயரெழுதி இடம் ஒதுக்கும் வேலை ஒரு காலத்தில் எங்களுடையது. 1985-இல் டில்லியில் சோதனையாகத் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு அதனை எடுத்துக்கொண்டது. 2002-இல் இணையவழிச் சீட்டு வந்தபின் பயணி ஜன்னலுக்கே வரவேண்டியதில்லை. எழுதவும் பேசவும் வல்ல புதிய கணிப்பொறிகளால் மிகுதியும் பாதிக்கப்படக்கூடியது குமாஸ்தா வேலையே என்று 2023-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஆய்வும் கூறிற்று.

எனினும், "ஆஸ்பத்திரிக்குப் போகணும் தம்பி, எங்கே இறங்கணும்?" என்று பேரப்பிள்ளையுடன் ஜன்னலில் நிற்கும் மூதாட்டிக்குச் சீட்டு மட்டும் போதாது. அவர் முகம் பார்த்து வழி சொல்லும் பகுதியே நம் வேலையில் இன்னும் எஞ்சியுள்ளது.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, பாறையின் ஓசையறிந்தவரும் வேலையிழந்தார். அவர் வேலையைப் பறித்தது எந்திரமன்று. தங்கத்தின் விலையை விஞ்சிய செலவு. எந்திரத்தால் இயலாத வேலையும் அதற்குக் கூலி கொடுப்பவர் இருக்கும்வரையே நிலைக்கும்.

ஆகவே, மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூர் செல்லும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் தேடுங்கால், அது நாற்காலி வேலையா என்று கேளாதீர். நாள்தோறும் ஒன்றையே திரும்பச் செய்வதா, புதிது புதிதாய் வரும் சிக்கலைக் கண்டு தீர்ப்பதா என்று கேளுங்கள். பழைய வீட்டின் மின்கம்பியைச் செப்பனிடுபவரும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் செவிலியும் குமாஸ்தாவுக்குத் தாழ்ந்தவரல்லர். இதனை ஒரு குமாஸ்தாவே கூறுகின்றோம்.