தலையெழுத்தும் பரம்பரையலகும்

தோட்டத்திலே மார்பு வலித்து ஒருவர் சாய்ந்தால், "அது பரம்பரை நோய்" எனக் கைவிரிக்கும் படித்தோர் பெருகிவிட்டனர். தலையெழுத்துக்கு இட்ட புதுப்பெயர் இது, விஞ்ஞானம் அன்று.

விஞ்ஞானம் கூறுவது வேறு. பி.சி.எஸ்.கே.9 என்னும் பரம்பரையலகு ஆக்கும் புரதம், குருதியிலிருந்து கொலஸ்திரோலை அகற்றும் ஈரல் வாங்கிகளை அழிக்கின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களுள் சிலரிடம் இவ்வலகு பிறப்பிலேயே பழுதுற்றிருந்தது. அத்தகையோரிடம் முடியுருநாடி நோய் 88 சதவீதம் குறைவென 2006இல் கண்டனர். வெள்ளையரிடம் அப்பழுது மிக அரிது. கறுப்பினத்தவரை ஆராயாதிருப்பின் இவ்வுண்மை எளிதில் புலப்பட்டிராது. பழுதின் பயனைத் தரும் ஊசிமருந்து 2015இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அன்று ஓராண்டுக்கான விலையோ 14,000 டொலருக்கு மேல்! குருதி தந்த இனத்து ஏழைக்கு அது எட்டுமா?

நம் நிலை இன்னும் விந்தையானது. 'ஆயிரம் பரம்பரைத்தொகுதி' என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் 2015ஆம் ஆண்டு வெளியீட்டில் இலங்கைத் தமிழரெனப் பதிவான 102 பேரும் பிரித்தானியாவில் வைத்துக் குருதி தந்தவர்கள். அதற்காக லயத்துக் கதவை எவரும் தட்டவில்லை.

தட்டட்டும், நான் தடுப்பவனல்லன். ஆயின், கொழுந்தை நிறுத்து அனுப்பியபின் அதன் விலையை வேறெங்கோ தீர்மானிக்கும் வழக்கத்தைக் குருதிக்கும் நீட்டாதீர்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஊசி குத்துமுன், அதனாற் பிறக்கும் மருந்து தோட்ட மருத்துவமனைக்கு என்ன விலையில் வரும் என்பதை எழுத்திலே தாருங்கள், தமிழிலே தாருங்கள்.