பீச் வண்டி, தாம்பரம் வண்டி



போன இதழில் தி.நகர் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைகளையோ பனகல் பூங்காவையோ தொடவே இல்லை. எல்லாம் மாம்பலம் ஸ்டேஷன். தென் புறநகர்க்காரர்களிடம் எந்தப் பேச்சை எடுத்தாலும் இரண்டாவது நிமிஷம் ரயிலில் வந்து நிற்கும் என்பது தெரிந்ததுதான். "எங்கள் லைனைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று குரோம்பேட்டை வாசகி ஒருவர் கொஞ்சம் அதட்டலாகவே கேட்டிருந்தார். "எங்கள் லைன்" என்கிற அந்த உரிமைக்காகவே இந்த இதழ்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் முப்பது கிலோமீட்டர், பதினெட்டு நிலையங்கள். 1931 மே 11-ஆம் தேதி முதல் இதில் மின்சார ரயில் ஓடுகிறது. தென்னிந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் ரயில் இதுதான். பம்பாயில் 1925 பிப்ரவரியில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடத் தொடங்கி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே அகலப் பாதை. இங்கே சவுத் இந்தியன் ரயில்வேயின் மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர். அதன் மேல் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய சின்னப் பெட்டிகள்.

தண்டவாளம் அதற்கு வெகு முன்பே இருந்தது. 1870களிலிருந்தே செங்கல்பட்டு, விழுப்புரம் போகிற புகைவண்டிகள் இந்த வழியாகத்தான் போய்வந்தன. ஆனால் வழியில் ஓர் ஊர் இருப்பது வேறு, அந்த ஊரிலிருந்து தினமும் ஆபீஸ் போய்வர முடிவது வேறு. 1931-ல் தாம்பரத்தில் என்ன இருந்தது? ஏரி, வயல், புதர்க்காடு. கம்பியை எழும்பூரோடோ சைதாப்பேட்டையோடோ நிறுத்தியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை. ஜனம் இல்லாத இடம் வரைக்கும் கம்பி இழுத்தார்கள், ஜனம் பின்னால் வந்தது. சென்னை தெற்கே வளர்ந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு முதல் காரணம் இதுதான்.

கூட்டத்துக்கு முன்னால் வந்தவர்கள், காற்றைத் தேடி வந்தவர்கள். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தது. சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் சிகிச்சை. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் விடுதி நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து, ஊர் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் அதேபோல ஒன்றைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நம் ஜனங்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், பேட்டை எல்லாமே "சானடோரியம்"தான். நோயாளிகள் இறங்குவதற்கென்று பெயர் பெற்ற அந்த நிலையத்தில், இப்போது காலை வேளையில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக நூற்றுக்கணக்கான பெண்கள் இறங்குகிறார்கள். பக்கத்திலேயே மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், 1984-ல் வந்தது. வண்டி நின்று கிளம்புவதற்குள் பிளாட்பாரம் நிறைந்து, அடுத்த வண்டி வருவதற்குள் காலியாகிவிடும்.

சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்ட அதே 1937-ல்தான் ஜார்ஜ் டவுனின் சந்தடியிலிருந்து கிறிஸ்தவக் கல்லூரி மொத்தமாகப் பெயர்ந்து தாம்பரத்துக்கு வந்தது. 365 ஏக்கர் புதர்க்காடு. அங்கே மரம் வைத்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர். (வேதியியல்காரர்கள் தாவரவியல்காரர்களைவிட நன்றாக மரம் வளர்ப்பார்கள் என்று அந்தக் கல்லூரிப் பழைய மாணவர்கள் யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.) ஒரு பெரிய கல்லூரி நகரத்தின் நடுவிலிருந்து இவ்வளவு தூரம் துணிந்து வந்ததென்றால், மாணவனும் வாத்தியாரும் வந்துபோக வண்டி இருக்கிறது என்ற தைரியமும் அதில் இருந்திருக்கும்.

மறைமலையடிகளை இந்த லைனின் புலவர் என்றே சொல்லலாம். 1898 முதல் 1911 வரை ஜார்ஜ் டவுனில் இருந்த இதே கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். பிறகு பல்லாவரத்தில் வீடு, 1950-ல் மறையும் வரை அங்கேதான். அவர் தேடித்தேடிச் சேர்த்த புத்தகங்கள் பின்னாளில் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகமாயின. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து எட்டி நடக்கிற தூரம். தாம்பரம் தாண்டிப் போனால் அவர் பேரிலேயே ஒரு துணைநகரம், அதற்கு ஒரு ஸ்டேஷன். வேலை பார்த்த கல்லூரி, குடியிருந்த வீடு, சேர்த்த புத்தகம், பெயர் சுமக்கிற ஊர், நாலும் ஒரே தண்டவாளத்தில்.

பல்லாவரம் என்றதும் இன்னொன்று. 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதன் கையால் செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததே அந்தக் கல்லிலிருந்துதான் உலகத்துக்குத் தெரியவந்தது. தினமும் அந்த ஸ்டேஷனில் இடித்துப் பிடித்து ஏறுகிறவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அடுத்த ஸ்டேஷனான குரோம்பேட்டையின் பெயர்க்காரணம் இவ்வளவு பழசில்லை. 1912-ல் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் தோல் கம்பெனி மூடிப்போனாலும் ஊருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

மீட்டர் கேஜ் பழகியவர்களுக்கு அந்தப் பெட்டியின் ஆட்டம் மறக்காது. பெட்டி குறுகல். எதிர் எதிர் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அதனாலேயே அறிமுகம் ஆனவர்கள் உண்டு. சீட்டுக்கட்டு, பஜனை, சம்பந்தம் பேசுவது வரை எல்லாம் அந்த முழங்கால் நெருக்கத்தில் நடந்தது. மல்லிகைச் சரமும் வேர்க்கடலையும் சமோசாவும் கூட்டத்துக்குள் எப்படி நுழைந்து எப்படி வெளியேறின என்பது இன்றுவரை எனக்கு விளங்காத வித்தை. பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாகி, 2004 ஜூலை 1-ஆம் தேதி கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி ஓடியது. எழுபத்து மூன்று வருஷம்.

வண்டி அகலமானது, கூட்டம் குறையவில்லை. கோட்டை, பூங்கா ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் சாயங்காலம் எதிர்த்திசையில் பீச்சுக்குப் போய், அதே வண்டியில் எழுந்திருக்காமல் உட்கார்ந்து திரும்பி வருகிற தந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படியில் தொங்குவதும் அப்படியே. 2018 ஜூலை 24 காலையில், வேகப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்ட வண்டியில் தொங்கி வந்தவர்கள் பரங்கிமலையில் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அந்த நேரத்துக்கு வண்டி போதவில்லை என்பதைப் பேசாமல், தொங்கியவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 ஏப்ரல் 19 முதல் இந்தத் தடத்தில் குளிர்சாதன வண்டியும் ஓடுகிறது. கதவு தானாக மூடும், தொங்க முடியாது. மே மாத வெயிலில் ஏறியவர்கள் இறங்க மனம் வராமல் சொக்கிப்போனதாக எழுதுகிறார்கள். வரட்டும், இன்னும் வரட்டும். ஆனால் அதில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். சாதா வண்டியில் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கே பத்து ரூபாய்தான். ஷேர் ஆட்டோவில் அந்தக் காசுக்கு அடுத்த தெருவைத் தாண்ட முடியாது. வீட்டு வேலைக்கு நுங்கம்பாக்கம் போகிறவரும், ரங்கநாதன் தெருக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணும் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வாடகைக்கு இருக்க முடிவது இந்தச் சில்லறைக் கட்டணத்தால்தான். ஏசி வண்டி சாதா வண்டிக்கு மேல் கூடுதலாக வந்தால் வரவேற்போம். சாதா வண்டியின் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு வருமானால், அப்போது இந்தப் பக்கத்தில் வேறு மாதிரி எழுதுவேன்.

அடுத்த இதழில் தாம்பரத்தைத் தாண்டி, வண்டலூர், பொத்தேரி, சிங்கபெருமாள்கோயில் வழியாகச் செங்கல்பட்டு வரை போகிறோம். பழைய மீட்டர் கேஜ் சீசன் டிக்கெட்டோ, ஸ்டேஷனில் எடுத்த படமோ உங்கள் பெட்டியில் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள், அசல் வேண்டாம். எந்த வருஷம், எந்த ஸ்டேஷன் என்று பின்னால் எழுதிவிடுங்கள். குரோம்பேட்டை வாசகிக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: உங்கள் கடிதத்தில் பாதியில் நிறுத்திய அந்த லேடீஸ் பெட்டி பஜனைக் கோஷ்டிக் கதையை முழுசாக எழுதி அனுப்புங்கள். இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்