கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

போன ஆடி அமாவாசைக்குத் திருமானூர் கொள்ளிடக் கரையில் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தேன். ஐயர் வரிசையாகப் பெயர் கேட்டார். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று மூன்று பெயரையும் தட்டாமல் சொல்லிவிட்டேன். பிறகு பெண்கள் வரிசைக்கு வந்தார். அம்மா பெயர் சொன்னேன், பாட்டி பெயர் சொன்னேன். “கொள்ளுப்பாட்டி பேரு?” என்றார். விழித்தேன். “தெரியலைன்னா பரவாயில்லை” என்று அவர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். அவருக்கு இது பழக்கம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அந்த இடத்தில் விழிக்கத்தான் செய்தார்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் போனில் இதைச் சொன்னேன். “சித்தப்பா, என்னோட வேலை செய்யற வெள்ளைக்காரர் ஆறு தலைமுறைக்குப் பேர் வச்சிருக்கார். பாட்டிகள் பேரும் இருக்கு” என்றான். அவர் ஜமீன் பரம்பரை இல்லை. முன்னோர் எல்லாம் பண்ணை வேலை செய்தவர்கள். இருந்தாலும் பெயர் கிடைக்கிறது, எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கே 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று. 1837இல் அரசாங்கமே பிறப்பு இறப்புப் பதிவை ஆரம்பித்தது. 1841 சென்சஸிலிருந்து வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் தாளில் ஏறியது. அந்தத் தாள்களை நூறு வருஷம் பூட்டி வைத்துப் பிறகு எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் வருஷத்துக் கணக்கு 2022 ஜனவரியில் வெளிவந்தது. அவர்களுக்கும் ஓட்டை உண்டு. 1931 தாள்கள் 1942இல் தீயில் போயின. 1941இல் யுத்தத்தால் கணக்கே எடுக்கவில்லை.

இந்தப் பழக்கத்தை அவர்கள் இங்கே வந்தும் விடவில்லை. சென்னை மாகாணத்தில் தங்கள் ஆட்களுக்கு நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதி லண்டனுக்கு நகல் அனுப்பினார்கள். 1698 முதலான அந்த ஏடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

நம்மையும்தான் எண்ணினார்கள். 1871இல் ஆரம்பித்து, 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு தரம். எந்தச் சாதி எத்தனை பேர், கண் தெரியாதவர் எத்தனை பேர் என்று கூட்டித் தடித்தடியாகப் புத்தகம் போட்டார்கள். கூட்டி முடித்ததும் பெயர் எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரனுக்குத் தன் ஊரில் பெயர் வேண்டியிருந்தது, நம் ஊரில் எண்ணிக்கை போதுமாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதேதான். 1981 பிப்ரவரியில், பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தபோது, வாத்தியாரான நானும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் பல் போன கிழவி ஒருத்தி, “எனக்கு எதுக்குய்யா பேரு? கெழவின்னு எழுதிக்க” என்றாள். விடாமல் கேட்டுப் பெயரை வாங்கி எழுதினேன். பெரிய காரியம் செய்ததாக நினைப்பு. 1948ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அந்தத் தாளை யாரும் பார்க்க முடியாது. ஜனங்கள் பயமில்லாமல் உண்மை சொல்லவேண்டும் என்பதற்காக வைத்த விதி அது, நியாயமானதுதான். ஆனால் என்றைக்குமே பார்க்கக்கூடாது என்பதில் என்ன நியாயம்?

அப்படியானால் நம் வம்சத்துப் பெயர்கள் எங்கே இருக்கின்றன? பட்டாவிலும் கிரயப் பத்திரத்திலும் கொஞ்சம் இருக்கின்றன, அதுவும் நிலம் வைத்திருந்த ஆண்களின் பெயர். தமிழ்நாட்டில் பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு வந்ததே 1989இல்தான். நிலமில்லாதவர்களுக்கு அந்தக் காகிதமும் இல்லை. பழைய பிறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தால் “பெண் குழந்தை” என்றிருக்கும், பெயர் இருக்காது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்கும் தனித்தனி எண். கூலியைத் தப்பவிடக்கூடாது என்றுதான் எழுதினார்கள், அன்பினால் அல்ல. ஆனாலும் பஞ்சம் பிழைக்கப் போனவளின் பெயரைத் தென்னாப்பிரிக்காவில் அவள் பேரன் பேத்திகள் தேடி எடுக்க முடிகிறது. ஊரோடு இருந்த என் கொள்ளுப்பாட்டியின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏலாக்குறிச்சிப் பக்கத்து நண்பர் ஒருவர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர். வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர் அது. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு வைப்பது கட்டாயம். குழந்தை பெயர், தகப்பன், தாய், ஞானப் பெற்றோர் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். நண்பர் பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, லத்தீனில் எழுதிய பக்கங்களை அவர் துணையோடு படித்து, தன் பாட்டியின் பாட்டி வரைக்கும் போய்விட்டார். தாள் தொட்டால் உதிர்கிறதாம். அந்த ஏடுகளை இப்போதே படம் பிடித்து வைக்கவேண்டும்.

“வேர் தேடப் போனால் சாதிப் பெருமையில்தான் முடியும்” என்று என் மகளே சொல்கிறாள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பெருமை பேசுகிறவனுக்குப் பதிவேடு தேவைப்படுவதில்லை, வாயே போதும். உண்மையான ஏட்டைப் பார்த்தால் நம்மில் அநேகம் பேருடைய முன்னோர்கள் கூலி வேலை செய்தவர்கள், கடன்பட்டவர்கள், கைநாட்டு வைத்தவர்கள் என்று தெரியும். அது தெரிந்தால் பெருமை குறையும்.

2027இல் அடுத்த சென்சஸ் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தத் தடவை கைப்பேசியிலேயே பதியப்போகிறார்களாம். தாளுக்கு இடமில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. நூறு வருஷம் பூட்டி வையுங்கள், பிறகு திறந்து விடுங்கள் என்று சட்டத்தைத் திருத்தவேண்டும். நமக்குப் பயன்படாது. நம் பேத்தியின் பேத்திக்குப் பயன்படும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். என் அத்தை தொண்ணூறு வயது வரை இருந்தார், போன தையில் காலமானார். கொள்ளுப்பாட்டி மடியில் வளர்ந்தவர் அவர். எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன், ஒரு தடவைகூட இதைக் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். பாட்டிகளின் பெயரை முதலில் எழுதுங்கள். தாத்தாக்களின் பெயரைப் பட்டாவில் பார்த்துக்கொள்ளலாம்.