பேஸ்மென்ட் வீட்டின் சூட்டுக்கு யார் பொறுப்பு?

குளிர்காலத்தில் ஒரு வாடகை வீட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எழுதியே வைத்திருக்கிறது. செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது மாகாண விதி. டொரன்டோ மாநகராட்சி அதற்கு மேலே ஒரு டிகிரி கூட்டி 21 என்கிறது. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும் ஊரில் இந்த எண் உயிர் காக்கும் எண். ஆனால், அந்தச் சூட்டை உண்டாக்கும் எந்திரத்தைக் கடைசியாக யார் திறந்து பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் ஏராளமானோர் கனடா வாழ்க்கையைத் தொடங்கியது பேஸ்மென்ட்டில்தான். இன்று தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் அதே படிகளில் இறங்குகிறார்கள். வீட்டுக்காரர் மேலே, குடித்தனக்காரர் கீழே. வீடு முழுவதையும் சூடாக்க ஒரே ஃபர்னஸ். அதை இயக்கும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல்மாடிக் கூடத்துச் சுவரில் இருக்கும். ஃபர்னஸோ கீழே, குடித்தனக்காரர் படுக்கும் அறைக்குச் சுவர் ஒட்டிய சின்ன அறையில். எந்திரத்துக்கு மிக அருகில் தூங்குபவருக்குத்தான் அதன் மீது எந்த அதிகாரமும் இல்லை. குளிர்காலப் பராமரிப்பு பற்றிப் பேசுவோர் எல்லாரும் சொந்த வீட்டுக்காரரை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஃபர்னஸ் எப்படிப் பழுதாகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இயற்கை எரிவாயு எரிகிறது. அந்த நெருப்பு ஓர் உலோகக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. கூட்டின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு போகும் காற்று சூடாகி, குழாய்கள் வழியே அறைகளுக்குப் போகிறது. எரிந்த புகை தனி வழியில் வெளியே போய்விடும். நாம் மூச்சு விடும் காற்றையும் புகையையும் பிரித்து வைத்திருப்பது அந்த மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. காற்று உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் உண்டு. ஓர் அங்குலத் தடிமனுள்ள சாதாரண ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தூசி அடைத்து, காற்றோட்டம் குறைந்து, உலோகக் கூடு அளவுக்கு மீறிச் சூடேறும். ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் நெருப்பை அணைக்கும். ஆறியதும் மறுபடி பற்றும். இப்படிப் பல குளிர்காலங்கள் சூடேறி ஆறினால் உலோகத்தில் விரிசல் விழும். சில டாலர் ஃபில்டரில் காட்டிய அலட்சியம் புகை வீட்டுக்குள் கசியும் நிலைவரை கொண்டுபோய் விடுகிறது.

புதிய எந்திரங்களில் வேறொரு தொல்லை. எரிவாயு ஃபர்னஸ்கள் குறைந்தது 90 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும் என்று 2009 கடைசியிலும், 95 சதவீதம் வேண்டும் என்று 2019-லும் கனடா அரசு விதித்தது. நல்ல முடிவு. இவ்வளவு திறனுள்ள எந்திரத்தில் புகை சூடு இழந்து குளிர்ந்துதான் வெளியேறும். அதனால் அதற்குச் செங்கல் புகைபோக்கி வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் போதும். அந்தக் குழாய் பெரும்பாலும் வீட்டின் பக்கச் சுவரில், தரையிலிருந்து அதிக உயரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பேஸ்மென்ட் குடித்தனக்காரரின் வாசலும் அநேகமாக அதே பக்கத்தில்தான் இருக்கிறது. பெரும் பனி பெய்த காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் நடைபாதைப் பனியை வாரி ஓரமாகக் குவிப்பவருக்கு, தான் மூடுவது வீட்டின் மூச்சுக் குழாயை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல நிலையிலுள்ள எந்திரம் அடைப்பை உணர்ந்து நின்றுவிடும்; வீடு குளிர்ந்துபோகும். பராமரிக்காத எந்திரம் என்ன செய்யும் என்பதை அனுமானத்துக்கு விடலாகாது.

எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். அரைகுறையாக எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு என்று வரும்போது ஃப்ளூ காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திப் படுத்துவிடுவார்கள். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் காவல் துறை அதிகாரி லாரி ஹாக்கின்ஸ், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இப்படி இறந்துபோனது. எரிவாயுக் கணப்பின் புகை வழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. லாரியின் உறவினரும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரருமான ஜான் கிக்னாக் ஊர் ஊராகப் பேசி, ஆதரவு திரட்டி, 2013-ல் ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் நிறைவேறியது. 2014 அக்டோபர் 15 முதல் எரிபொருள் கருவிகள் உள்ள ஒன்டாரியோ வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். நான்கு பேர் இறந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆன பிறகு. அலாரம் கட்டாயமானது பெரிய வெற்றி. ஆனாலும் அது விஷம் வந்த பிறகு கத்தும் கருவி. விஷம் வராமல் தடுப்பது பராமரிப்பு மட்டும்தான்.

சூடு போதாதபோது கீழே இருப்பவர் என்ன செய்கிறார்? கடையில் ஒரு மின்சார ஹீட்டர் வாங்குகிறார். 1,500 வாட். கனடாவின் 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரண அறையின் மின்சுற்று 15 ஆம்பியர். அதே சுற்றில் ரைஸ் குக்கரும் இருந்தால் ஃபியூஸ் போகும். பழைய வயரிங்கும் மலிவான எக்ஸ்டென்ஷன் வயரும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். மின்சாரமே போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். எரிவாயு ஃபர்னஸ்தானே, மின்வெட்டில் ஓடாதா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. அதன் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரத்தில் ஓடுபவை. 2013 டிசம்பர் பனிப்புயலில் டொரன்டோவில் மட்டும் மூன்று லட்சம் மின் இணைப்புகளுக்கு மேல் துண்டிக்கப்பட்டு, கிறிஸ்துமஸ் தாண்டியும் பல வீடுகள் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில்தான் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரும் விபரீதம் நடக்கிறது.

சூடு இல்லையென்றால் 311-ஐ அழைத்து மாநகராட்சியிடம் புகார் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். யார் செய்வார்கள்? பலர் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் வீடுகள் ஸ்கார்பரோவில் 2024 மார்ச் 31 வரை சட்டப்படி அனுமதிக்கப்படவே இல்லை. அவை ஆயிரக்கணக்கானோர் கண்ணெதிரே இயங்கின. ஆனால் புகார் செய்து அதிகாரி வந்தால் வீடே மூடப்படலாம், தன் படுக்கையும் போகலாம் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. இப்போது உரிமம் பெற்று நடத்த வழி பிறந்திருக்கிறது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பெரிய அடுக்குமாடிகளுக்கு டொரன்டோ மாநகராட்சி ‘ரென்ட்சேஃப்’ என்ற மேற்பார்வைத் திட்டம் வைத்திருக்கிறது. அது குறைந்தது மூன்று மாடியும் பத்துக் குடித்தனமும் உள்ள கட்டிடங்களுக்குத்தான். பேஸ்மென்ட் அதில் வராது. புகார் செய்ததற்குப் பழிவாங்கும் விதமாக வெளியேற்றினால் வாடகைத் தீர்ப்பாயம் அந்த வெளியேற்றத்தை மறுக்க வேண்டும் என்கிறது மாகாண வாடகைச் சட்டம். ஆனால், சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் கட்டாயத்தில் இருப்பவருக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஒரே அறையில் இருக்கும் மாணவர்களில் எத்தனையோ பேர் இந்த இடுக்கில்தான் விழுகிறார்கள். புகாரை நம்பி நிற்கும் எந்தப் பாதுகாப்பும் வாயைத் திறக்க முடியாதவரைக் கைவிட்டுவிடும்.

பிரிட்டன் இதைப் புகாருக்கு விடவில்லை. 1998-ன் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வாடகை வீட்டிலுள்ள எரிவாயுக் கருவிகளை உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறை, பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சோதனைச் சான்றின் பிரதியை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடம் தர வேண்டும். புதிதாக வருபவருக்குக் குடியேறும் முன்பே தர வேண்டும். லண்டனில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தாள் பழகிப்போன ஒன்று. யாரும் கெஞ்ச வேண்டாம், யாரோடும் முகம் முறிக்க வேண்டாம். தேதியோடு தாள் கைக்கு வந்துவிடும். டொரன்டோவின் பேஸ்மென்ட்டுக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும் என்பதே என் கோரிக்கை. பலர் தங்கும் வீடுகளுக்கு இப்போது தரும் உரிமத்தோடு முதலில் இதைச் சேர்க்கலாம். பிறகு மாகாணம் முழுவதற்கும் விரிக்கலாம்.

வீட்டுக்காரர்களின் மறுப்பு எனக்குப் புரிகிறது. அவர்களும் குடியேறி வந்தவர்கள்தான், மாதம் பிறந்தால் வீட்டுக் கடன் தவணை நிற்கிறது, அந்தத் தவணைக்குத்தான் பேஸ்மென்ட்டையே வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால், ஆண்டுக்கு ஒரு சோதனைக்கு ஆகும் செலவு பேஸ்மென்ட்டின் ஒரு மாத வாடகையில் ஒரு சிறு பங்குதான். அதைவிட அவர்களின் உண்மையான பயம் வேறு. சோதிக்க வருபவர் எந்திரத்துக்குச் சிவப்பு அட்டை கட்டிவிடுவார் என்ற பயம். உடனடி ஆபத்து என்றால் எரிவாயுவை அப்போதே நிறுத்தும் அதிகாரம் தொழில்நுட்பருக்கு உண்டு. அது தேவையான அதிகாரம். ஆனால், அட்டை கட்டுபவரே அடுத்த நிமிடம் புது ஃபர்னஸ் விலைப் பட்டியலை நீட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இந்த வியாபாரத்தின் பெயர் கெட்டிருப்பது உண்மை. வீட்டுக் கதவைத் தட்டி ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் ஒப்பந்தங்களை விற்பதை ஒன்டாரியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்யவேண்டியிருந்தது. வாடகைக் கருவியின் பெயரால் வீட்டுப் பத்திரத்தின் மீதே உரிமைக் குறிப்பு பதிந்து, வீட்டை விற்கப் போகும்போது முதியவர்களிடம் பெருந்தொகை கறக்கும் வழக்கத்துக்கு 2024 ஜூனில்தான் முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஆகவே சோதிப்பவர் அந்த வீட்டுக்கு எந்திரம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை விதியிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆண்டுச் சோதனையைக் கட்டாயமாக்கினால், கதவைத் தட்டியவர்களுக்கு அரசே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

விதி வரும்வரை இந்தக் குளிர்காலம் காத்திருக்காது. முதல் மாத, கடைசி மாத வாடகையைக் கொடுக்கும் முன்பே, படிக்க வரும் பிள்ளைகள் ஃபர்னஸ் அறையைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஃபில்டரின் விளிம்பில் தேதி எழுதியிருக்கிறதா, காற்று ஃபர்னஸுக்குத் திரும்பும் துவாரங்களைக் கட்டிலோ அலமாரியோ மறைக்கிறதா, புகைக் குழாய் வெளியே எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தூங்கும் அறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். அது ஆயுள் முடிந்து மாற்ற வேண்டிய கருவி, பல கருவிகளில் அந்த ஆண்டு பின்புறத்திலேயே அச்சாகியிருக்கும். அலாரம் அடித்தால் எல்லாரும் வெளியேறி 911-ஐ அழைக்க வேண்டும். மேல்வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் அக்டோபரிலேயே, முதல் உறைபனிக்கு முன், மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏவின் சான்று பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பர் ஒருவரை அழைத்து, அவர் எழுதித் தரும் தாளில் ஒரு பிரதியைக் கீழே இருப்பவரிடம் கொடுக்கலாம். பிரிட்டனில் சட்டம் போட்டுக் கேட்கும் அந்தத் தாளை, சட்டம் கேட்காமலே இங்கே கொடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.