பழைய கணினியும் புதிய உயிரும்

1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுதப்பெற்ற டூம்ஸ்டே ஏடு இன்றும் படிக்கக்கூடியதாய் இருக்கின்றது. அதன் தொளாயிரமாம் ஆண்டு நினைவாக, பாடசாலை மாணாக்கரும் கூடித் தொகுத்த 1986ஆம் ஆண்டுத் தொகுப்போ பதினாறு ஆண்டுகளுக்குள் படித்தற்கு அரிதாயிற்று. லேசர்த் தட்டுக்கள் இருந்தன. அவற்றைப் படிக்கவல்ல பீபீசீ மாஸ்டர் கணினிகளே அருகிவிட்டன. எழுத்து இருந்தும் கண் இல்லாது போயிற்று. 2002ஆம் ஆண்டில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர், அக்கணினியைப் போலவே தொழிற்படும் மென்பொருளை ஆக்கி, அத்தொகுப்பினை மீளக் காட்டினர்.

இவ்வகை மென்பொருளை எமுலேற்றர் என்பர். பிறிதொரு வன்பொருளுக்கென எழுதிய கட்டளைகளைத் தன் கணினி அறியும் கட்டளைகளாக மாற்றி இயக்குவது இது. பிரான்சியராகிய பப்ரிஸ் பெலார்ட் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கியூஎமு என்பதன் வாயிலாக, வேற்றினச் செயலிகளுக்குரிய பணிசெயல் முறைமைகளை நம் மேசைக் கணினியிலேயே இயக்கலாம்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். சுவடிகள் செல்லரிக்குமுன் சி. வை. தாமோதரம்பிள்ளை அவற்றை அச்சேற்றினார் அன்றோ? இதுவும் அவ்வினப் பணியே.

ஆயின், பழைய முறைமைத் தட்டுக்களும் கைந்நூல்களும் அழிந்தொழியின் எமுலேற்றர் வெறுங்கூடாகும். ஆதலின், பழைய மாணவ அன்பர்காள்! அலுமாரி மூலையிற் கிடக்கும் தட்டுக்களைக் குப்பையில் எறியாதீர்கள். இன்றே படியெடுத்து வையுங்கள். நாளை அவற்றைத் தேடுவோர் நம் மாணாக்கரே.