முதலில் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்!



நம் பள்ளியின் பழைய மாணவர்கள் கம்ப்யூட்டர் அறைக்கு ஒரு தொகை தரப் போவது எல்லோருக்கும் தெரியும். 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சார் இடமாகவும் ஆன நம்ம கழுவேலியைப் பற்றிப் பசுமைப் படை ஒரு படத்தொகுப்பு செய்யுதே, அந்த வேலை நம் கம்ப்யூட்டரில் ஆமை மாதிரி நகருது. அதனால் "கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டா பறக்கும்" என்று பத்தாம் வகுப்பு அண்ணன்கள் எல்லோரிடமும் சொல்லிக்கிட்டு வர்றாங்க. நான் வேண்டாம் என்கிறேன். கார்டு கெட்டது என்று சொல்லவில்லை. நம்ம கம்ப்யூட்டருக்கு வந்திருக்கும் நோய் வேற.

கார்டு என்னதான் செய்யுது? நம்ம உப்பளத்தையே எடுத்துக்குவோம். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாத்தி என்று வச்சுக்குங்க. பிராசஸர் என்பது எல்லா வேலையும் தெரிந்த நாலைந்து அனுபவசாலிகள். கார்டில் இருப்பதோ ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆட்கள். எல்லாப் பாத்தியிலும் ஒரே மாதிரி பலகை போட்டு உப்பு இழுக்கணும்னா ஆயிரம் பேர் இருந்தால் சட்டுனு முடியும். படம் முழுக்க மங்கலாக்குவது, இருட்டில் எடுத்த படத்தில் புள்ளிப்புள்ளியாத் தெரிவதை நீக்குவது எல்லாம் அந்த மாதிரி வேலைதான். ஆனால் எந்த மடையை முதலில் திறக்கணும், அடுத்து எதை அடைக்கணும் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்கும் வேலைக்கு ஆயிரம் பேர் வந்து என்ன பண்ணுவாங்க? வரப்பில் நின்னுக்கிட்டு இருப்பாங்க.

வாரின உப்பைக் குவிக்கப் பக்கத்திலேயே இடம் வேணும் இல்லையா, அதுதான் ராம். (ராம்சாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!) இடம் பத்தலைன்னா தூரமாத் தூக்கிட்டுப் போய்க் கொட்டி, வேணும்போது திரும்ப எடுத்துட்டு வரணும். அந்தத் தூரத்து இடம் ஹார்டு டிஸ்க். நம்ம கம்ப்யூட்டரில் ராம் 4 ஜிபி. டிஸ்க்கோ சுத்துகிற பழைய வகை. கம்ப்யூட்டர் சார் போன வாரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சு நாலு பறவைப் படத்தை ஒண்ணாத் திறந்து காட்டினார். மெமரி நிரம்பிப் போச்சு, டிஸ்க் 100-லேயே நின்னுச்சு, பிராசஸர் பாதிகூட வேலை செய்யலை. ஆளுங்க சும்மா நிக்கும்போது இன்னும் ஆயிரம் ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னா எப்படி?

அண்ணன்கள் சொல்வது போட்டோஷாப் கணக்கு. அதில் நியாயம் உண்டு. 2008-ல் வந்த சிஎஸ்4-லிருந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் திருப்புவதற்கும் அது கார்டைப் பயன்படுத்துது. 2012-ல் சிஎஸ்6 வந்ததும் லிக்விஃபை மாதிரி வேலைகளும் கார்டுக்குப் போச்சு. 2023-ல் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸுக்கு நல்ல கார்டு இருந்தால் நிமிஷக்கணக்கில் ஆகிறது நொடிக்கணக்கில் முடியும். பெரிய கேமராவில் நூற்றுக்கணக்கில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர் கார்டு வாங்கினால் அது சரிதான்.

ஆனால் நம்ம அறையில் இருப்பது ஜிம்ப். இலவசம். அது பெரும்பாலான வேலையைப் பிராசஸரிலேயே செய்யுது. நாம செய்வதும் என்ன? ஓரத்தை வெட்டுறது, வெளிச்சத்தைக் குறைக்கிறது, பறவை பேர் எழுதுறது, சேமிக்கிறது. மதிய வெயிலில் உப்பு அம்பாரத்துக்கிட்ட எடுத்து வெள்ளையா வெந்துபோன படத்தை எந்தக் கார்டும் மீட்டுத் தராது. அது காலையில் சீக்கிரம் போய் எடுக்க வேண்டிய படம்.

இன்னொன்று, பழைய பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை பெரிய கார்டைத் தாங்காமல் போகலாம். அப்புறம் அதையும் மாத்தணும். கார்டு வந்தால் கார் ரேஸ் நல்லா ஓடும் என்பது எனக்கும் தெரியும் அண்ணா!

என் யோசனை, ராமை 16 ஜிபி ஆக்கணும். பழைய டிஸ்க்குக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி போடணும். இதனால் படத்தொகுப்பு மட்டும் இல்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க திறக்கும் தமிழ் டைப்பிங்கூட வேகமாகும். அதுக்கு அப்புறமும் மெதுவா இருந்தால் அதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்து, எது 100-ல் நிக்குதோ அதை வாங்கலாம்.

வாங்குவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பது டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ என்று பார்க்கணும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் சார் திறந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன்களும் வாங்க.