வைத்தியர் பக்கம்: சைக்கிளோட்டமும் கைவலியும்



கோடை பிறந்தால் நம்மவர்களிற் பலர் ஞாயிறு காலைகளில் சைக்கிளில் சறே குன்றுகளை நோக்கிப் புறப்பட்டு விடுகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் வீதிச் சைக்கிளோட்டத்தில் ஆண்கள் ஒன்பது முறை சுற்றிய பொக்ஸ் ஹில் குன்றில் இன்று நமது கோயில் அன்பர்களையும் காணலாம். நீரிழிவும் இருதய நோயும் மிகுந்த நம் சமூகத்துக்கு இது நல்ல பழக்கமே. ஆனால், “கை விறைக்கிறது டொக்டர்” என்று மண்டபத்தில் என்னை நிறுத்திக் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள்.

என் கதையையே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ரலி சைக்கிளில் நிமிர்ந்திருந்து பள்ளிக்கூடம் போனவன் நான். ஐம்பது கடந்தபின், வளைந்த ஹான்டில் உள்ள சைக்கிளை வாங்கி முதல் நாளே மூன்று மணி நேரம் ஓடினேன். மறுநாட் காலை திருநீறு பூசும்போது மோதிர விரலில் உணர்ச்சி குறைந்திருந்தது. நோயாளி எவருக்கும் சொல்லாத சமாதானத்தை எனக்கே சொல்லிக்கொண்டு, ஆறு வாரம் தொடர்ந்து ஓடினேன். ஒரு நாள் வீட்டுச் சாவியைத் திருப்ப விரல்களில் வலுவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. சைக்கிளை மூலையில் வைத்தேன். பலம் திரும்ப மூன்று மாதம் சென்றது.

காரணம் இதுதான். சின்ன விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தரும் அல்னர் நரம்பு, மணிக்கட்டின் சின்ன விரற் பக்கமாக ஓர் ஒடுங்கிய வழியால் உள்ளங்கைக்குள் செல்கிறது. உடற்பாரம் முழுவதும் ஹான்டிலில் சாய்ந்தால் அது நசிபடும். பெருவிரல், சுட்டு விரல், நடு விரல் விறைத்தால் நசிபடுவது மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு. நீரிழிவுள்ளவர்களின் நரம்புகள் இன்னும் எளிதிற் பாதிக்கப்படும்.

தடுக்கும் வழிகள்:

1. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கிப் பாரம் கைகளில் விழும். சீட்டை மட்டமாக வையுங்கள்.

2. ஹான்டில் எட்டாத தூரத்தில் இருந்தால் தோளும் கழுத்தும் நோகும். கடைக்காரரிடம் சொல்லி அதைக் கிட்டவாக, சற்று உயர்த்தி அமைப்பியுங்கள்.

3. முழங்கையைச் சிறிது மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்து, ஹான்டிலை இறுக்காமற் பிடியுங்கள். சில நிமிடங்களுக்கொரு முறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள்.

4. மெத்தை வைத்த கையுறை உதவும். சற்று அகன்ற ரயரில் காற்றை அளவோடு அடித்தால் வீதியின் அதிர்வு குறையும்.

5. பெடல் கீழே வரும்போது முழங்கால் சிறிது மடிந்திருக்கவேண்டும். சீட் மிகப் பதிந்தால் முழங்காலின் முன்புறமும், மிக உயர்ந்தால் பின்புறமும் நோகும். பாரமான கியரில் உன்னி மிதியாமல், இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றளவில் மிதியுங்கள்.

6. தூரத்தை வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். என்னைப் போல முதல் நாளே மலையேற வேண்டாம்.

இறுதியாக ஒன்று. எல்லாக் கைவலியும் ஹான்டிலால் வருவதன்று. மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வையோடு கையோ தாடையோ நொந்தால் உடனே இறங்கி 999ஐ அழையுங்கள். ஏறும்போது வந்து, ஓய்ந்ததும் மாறிவிடும் வலியையும் அலட்சியம் செய்யாமல் அந்த வாரமே உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். விறைப்பு இரண்டு வாரத்தில் மாறாவிட்டாலும், விரலின் வலு குறைந்தாலும் அவரிடம் போங்கள். ஆறு வாரம் காத்திருந்த வைத்தியரைப் பின்பற்றாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.